காந்தி ரோட்டில் வங்காளம் படிக்கிறேன்

வேலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். தினமும் வீடியோவில் பார்க்கிறோம் என்றாலும், சிலவற்றை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதனால் இந்தக் கடிதம்.

தத்தெடுக்கப் போவதாக நீ சொன்ன இரவில், "யார் பெற்றதோ, என்ன வம்சமோ" என்று கேட்டுவிட்டேன். நீ சண்டை போடவில்லை. "நேரமாகிவிட்டது அப்பா, தூங்குங்கள்" என்று போனை வைத்துவிட்டாய். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தத் "தூங்குங்கள்" இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மன்னித்துவிடு.

உனக்கு வரப்போகும் குழந்தை வங்காளத்து இல்லத்தில் இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து, சாயங்காலங்களில் நான் எங்கே போகிறேன் தெரியுமா? காந்தி ரோட்டுக்கு. கல்கத்தா பக்கத்திலிருந்து வரும் ரயில் காட்பாடியில் நின்றால், சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்குவதைச் சின்ன வயதில் நீயே பார்த்திருக்கிறாய். லாட்ஜ் வாசலில் எல்லாம் வங்காள எழுத்துதான். நாற்பது வருடமாக அதைத் தாண்டிப் போனவன், ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. இப்போது டீக்கடையில் ஒரு பெரியவர் எனக்கு வாத்தியார். மனைவியின் சிகிச்சைக்காக வந்து இரண்டு மாதமாகத் தங்கியிருக்கிறார். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதிக்கொள்கிறேன். ஜொல், தண்ணீர். பாத், சோறு. கூம், தூக்கம். "பயப்படாதே" என்பதற்கு "பொய் நேய்" என்றார். அதை அம்மா படித்துவிட்டு, "குழந்தையிடம் முதல் வார்த்தையே பொய்யா?" என்று கேட்டாள். நம் எழுத்தில் அந்த 'ப'வை வேறு எப்படி எழுதுவது? தாத்தாவுக்குத் தாதுவாம். பாதி தூரம் குழந்தையே வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோப்பு விஷயம். தத்தெடுக்க உங்கள் நாடு சம்மதம் சொல்லும் ஐந்தாம் பிரிவுக் கடிதமும், இங்கே தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காராவின் தடையில்லாச் சான்றும் வந்துவிட்டன என்றாய். இனி இல்லம் இருக்கும் மாவட்டத்து ஆட்சியரின் தத்து உத்தரவுதான் பாக்கி. முன்பு நீதிமன்றம் கொடுத்ததை 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியர் கொடுக்கிறார். மனுப் போட்ட இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். ரெவின்யூவில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். சட்டம் சொல்வதும் தெரியும், கோப்பு தூங்குவதும் தெரியும். என் மேஜையிலும் தூங்கியிருக்கிறது. அதில் யார் வீட்டுக் குழந்தை காத்திருந்ததோ என்று இந்த வயதில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நீ அனுப்பிய படத்தில் அவளுக்கு ஒன்றரை வயது. இப்போது இரண்டைத் தாண்டியிருப்பாள். அம்மா தைத்த சிவப்புப் பாவாடையின் கீழ்மடிப்பை இரண்டு முறை பிரித்து இறக்கிவிட்டாள். இனி இறக்கத் துணி இல்லை.

இன்னொன்று. குடியாத்தத்திலிருந்து எனக்கு வாணியம்பாடிக்கு மாற்றலானபோது உனக்கும் இரண்டு வயதுதான். பக்கத்து வீட்டுப் பாட்டி வேண்டும் என்று ஒன்பது நாள் அழுதாய். பெற்றவள் மடியில் உட்கார்ந்துகொண்டே அழுதாய், சோற்றைத் துப்பினாய், அம்மாவைக் கையால் தள்ளினாய். அப்படியிருக்க, இவள் உன்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்க்காதே. இல்லத்தில் தூக்கி வளர்த்த ஆயாவைத்தான் தேடுவாள். தேடட்டும். உன் மேல் குறை இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே. அவள் போர்த்திக்கொண்டு தூங்கும் துணி ஏதாவது இருந்தால் கேட்டு வாங்கு. துவைத்துவிடாதே, அந்த வாசனை அவளுக்கு வேண்டும். மாப்பிள்ளைக்குச் சுத்தம் அதிகம், அவரிடமும் சொல்லிவை.

அவளுடைய இரண்டெழுத்துப் பெயரையும் மாற்ற வேண்டாம். உன் அத்தை நட்சத்திரம் பார்த்து நான்கு பெயர் அனுப்பியிருக்கிறாள். பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். உத்தரவு வரும்வரை வெளியில் சொல்லக் கூடாது என்று நீ சொன்னதையும் காப்பாற்றுகிறேன். பால்காரரிடம் மட்டும் "இனி கால் லிட்டர் கூட வேண்டியிருக்கும்" என்று வாய் தவறிவிட்டது. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ரயில் டிக்கெட் அறுபது நாள் முன்பிருந்துதான் போட முடியும். தேதி தெரிந்தால் நாங்கள் இருவரும் உனக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்துவிடுவோம். உத்தரவு வந்தால் இங்கு என்ன மணி என்று பார்க்காதே, கூப்பிடு. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: வங்காளிகளும் கத்திரிக்காயை வட்டமாக நறுக்கி எண்ணெயில் வறுத்துச் சோற்றோடு சாப்பிடுவார்களாம், பெரியவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வறுத்துப் பழகுகிறாள். மூன்று நாளாக எனக்கு அதுதான் சாப்பாடு.