பூ உதிர்வதற்கெல்லாம் பதறாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பூசணிக் கொடியில் பூவாகப் பூத்து எல்லாம் கொட்டிப் போகிறது என்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீளமான மெல்லிய காம்பு. அத்தனையும் ஆண் பூ. அது கொட்டத்தான் செய்யும். பூசணியில் ஆண் பூதான் முதலில் வரும், பெண் பூ வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். அதற்குள் உரம் வாங்க ஓடாதே. தழைச்சத்து கூடினால் கொடிதான் மதமதவென்று வளரும், காய் பிடிக்காது.

பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். இதழுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி உட்கார்ந்திருக்கும். அது மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். உன் தோட்டத்துக்குத் தேனீ அவ்வளவாக வருவதில்லை என்கிறாய். சரி, நீயே செய்துவிடு. விடிந்ததும் போக வேண்டும். வெயில் ஏற ஏறப் பூ மூடிக்கொள்ளும், மறுநாள் விரியாது. (நீ எழுந்திருக்கும் நேரம் எனக்குத் தெரியும். அலாரம் வை.) அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்துப் போடு. நடுவில் நிற்கும் தண்டைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். பெண் பூவின் நடுவில் பிசுபிசுப்பாக மடல் மடலாக இருக்குமே, அதன்மேல் எல்லாப் பக்கமும் படும்படி அந்தத் தண்டை மெதுவாகத் தடவு. ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகிவிடும். பிடித்துவிட்டால் சில நாளிலேயே பிஞ்சு பருப்பது கண்ணுக்குத் தெரியும்.

மத்தியானம் இலை துவள்வதைப் பார்த்துத் தண்ணீரைக் கொட்டாதே. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் ஒன்றுமில்லை. காலையிலும் தொங்கினால்தான் தாகம். ஊற்றும்போது தூரில் ஊற்று. இலையில் வெள்ளைப் பொடி படிந்தால் சாம்பல் நோய், அந்த இலையைக் கிள்ளி எறி.

முற்றிய காய் வேண்டுமென்றால் நகம் இறங்காத அளவுக்குத் தோல் கெட்டியாகி, காம்பு காயும்வரை விடு. இரண்டு மூன்று அங்குலக் காம்போடு வெட்டினால் நாள்பட இருக்கும்.

அப்புறம், சமைக்கும் முன் ஒரு துளி நறுக்கி நாக்கில் வைத்துப் பார். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுதாகத் தூக்கிப் போடு. அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

அன்புடன்,
அம்மா