என்னை மறுபடி பாட வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை ராத்திரி கடைசிப் பாட்டு வரை பாடிவிட்டேன். மறுநாள் காலையில் எழுந்து அம்மாவைக் கூப்பிட்டேன், குரல் இருந்தது. அம்மா அழுதேவிட்டார்கள். மேடையில் கத்திக் கத்தித் தொண்டை கெட்டு, பாட முடியாமல் இருந்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் திரும்பப் போக மனமில்லை. நன்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் வில்லாபுரத்து மைக்செட் அண்ணனுக்கு. கோயில் திருவிழாவுக்கும், விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கும் மைக் கட்டியே முடி நரைத்தவர். ராக் அவருக்குப் பிடிக்காது, அதை என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறக்கக் கூடாதென்று இருந்த நாட்களில் ஒருநாள், மொபெட்டின் பின்னால் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஒத்திகை அறைக்கு வந்தார். யாரும் கேட்கவில்லை. பழைய பெட்டி, புதுக் கோன் அவரே ஒட்டியிருந்தார், பசை வாசம்கூடப் போகவில்லை. முன்பக்கம் ஒரு செங்கலை முட்டுக் கொடுத்து, என் முகத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தார்.

"ஒம் பாட்டு ஒனக்கே கேக்கல தாயி. அதான் கத்திக் கத்தித் தொண்டையக் கெடுத்துக்கிட்ட."

ஆர்கெஸ்ட்ராவில் கோரஸ், அப்புறம் தனிப்பாட்டு, சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு கிட்டார், ஜவுளிக்கடை விளம்பரம், பிள்ளைகளுக்கு வகுப்பு, அந்தக் காசில் என் சொந்தப் பாட்டுகளின் ரெக்கார்டிங் என்று எல்லாம் செய்திருக்கிறேன். மேடைகளில் ஸ்பீக்கர் எல்லாம் கூட்டத்தைப் பார்த்து இருக்கும், என் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் அதிரும். இரைச்சலில் மனிதர்கள் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்று எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே சொன்னதாகக் குரல் பயிற்சி தந்த அக்கா விளக்கினார். சாதாரணமாகப் பேசும்போதே பெண்களின் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 200 தடவை மோதிக்கொள்ளுமாம். கத்தினால் அடி இன்னும் பலமாக விழும். அண்ணன் இதையெல்லாம் மேடை ஓரத்தில் நின்று பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார். எத்தனையோ பேர் முன்னால் பாடியிருக்கிறேன், என் கழுத்து நரம்பு புடைப்பதை அவர் ஒருவர்தான் கவனித்திருக்கிறார்.

சனிக்கிழமை அந்தப் பெட்டியில் என் மூச்சு இழுக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. கிட்டார் ஆறு கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்திருந்தேன். பல்லவி உச்சத்துக்கு ஏறும் முன்னாலேயே மிக்சரில் அண்ணன் விரல் போய்விடும், நான் கத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

கிசுகிசுப்பாகப் பேசக்கூட விடாத அந்த அக்கா, குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷில் வாசிக்கப் பழகிக்கொண்ட டிரம்மர் தம்பி, வகுப்பே நடக்காத மாதங்களுக்கும் பணம் அனுப்பிய பெற்றோர்கள், பாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், சர்ச்சிலும் தர்காவிலும் அழகர்கோயிலிலும் எனக்காக வேண்டிக்கொண்டவர்கள், உங்கள் எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன்.

இனி மானிட்டர், அதாவது பாடுகிறவருக்கே கேட்கும்படி அவரைப் பார்த்து வைக்கும் இந்த மாதிரிப் பெட்டி, இல்லாத மேடையில் பாடமாட்டேன். என்னிடம் படிக்கிற பிள்ளைகளையும் ஏற்றமாட்டேன். விழாக் கமிட்டிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

அண்ணே, பெட்டிக்கு வாடகை கேட்டதற்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அடுத்த நிகழ்ச்சிக்கும் மைக்செட் உங்களுடையதுதான். அட்வான்சை அம்மா வீட்டுக்கே கொண்டுவருவார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.