முரளி விஷயமாக வேணுவுக்கு

அன்புள்ள வேணு,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். கண்ணன் மறுபடியும் வண்டியை மாற்றிவிட்டான், நீ சொன்ன அதே காரணத்துக்கு.

இப்போது எழுதுவது முரளிக்காக. வேலையை நிறுத்தச் சொல்லி வந்த மெயிலை அவன் கண்டுகொள்ளவில்லையாம். நீயும் 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ, பார்த்தும் பார்க்காத மாதிரி இரு, நெல்சன் மாதிரி' என்று ஏற்றிவிட்டாயாம். தங்கச்சி போனில் புலம்பினாள். கதை சொல்வதென்றால் முழுசாகச் சொல்லடா.

1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன். டேனிஷ்காரர்களோடு சண்டை. பிரிட்டிஷ் கடற்படைத் துணைத் தளபதி நெல்சனின் கப்பல்களில் மூன்று தரைதட்டிக் கிடக்கின்றன. டேனிஷ் பீரங்கிகள் ஓய்வதாகத் தெரியவில்லை. தூரத்தில் நின்ற அவருடைய மேலதிகாரி, தளபதி ஹைட் பார்க்கர் பயந்துபோய், சண்டையை நிறுத்தச் சொல்லி 39ஆம் எண் கொடியை ஏற்றுகிறார். நெல்சன் பக்கத்தில் நின்ற கேப்டன் ஃபோலியிடம், 'எனக்கு ஒரு கண்தானே, சில சமயம் குருடாக இருக்க உரிமை உண்டு' என்கிறார். வலது கண் 1794இல் கோர்சிகாவில் போனது. அந்தக் கண்ணில் டெலஸ்கோப்பை வைத்த காட்சி பிற்பாடு சேர்த்த ஜோடனை என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. உனக்குப் பிடித்ததே அந்தக் காட்சிதான்!

நீ விட்டுவிட்ட ஆள் எட்வர்ட் ரியூ. சின்னக் கப்பல்களை நடத்தியவர். அவருக்குக் கொடி தெரிந்தது, கீழ்ப்படிந்தார். 'நெல்சன் நம்மை என்ன நினைப்பார்' என்று நொந்துகொண்டே 'அமேசான்' கப்பலைத் திருப்பினார். திரும்பும்போது பின்பக்கம் பீரங்கிக்கு நேராக வந்தது. குண்டு அவரை இரண்டாகப் பிளந்துவிட்டது. சொல் கேட்காத நெல்சனுக்கு அடுத்த மாதம் வைகவுன்ட் பட்டம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, வேணு.

சண்டை ஜெயித்ததால் நெல்சன் தப்பினார். முரளிக்கு ப்ரோபேஷன்கூட முடியவில்லை, தலைமேல் வீட்டுக் கடன் வேறு. வேலையில் அவன் பக்கம்தான் நியாயம் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் நெல்சன்கூட, பார்க்கரின் கொடியைப் பார்த்தாயிற்று என்று பதிலுக்கு ஒரு கொடி காட்டச் சொன்னார். மற்றக் கப்பல்களுக்கு அதைத் திருப்பி ஏற்றாதே என்றார், நெருங்கிச் சண்டை போடச் சொல்லும் தன்னுடைய 16ஆம் எண் கொடியையும் இறக்கவில்லை, அவ்வளவுதான். பதிலே போடாமல் இருப்பது நெல்சன் வழி இல்லையடா, மெஸ் பில் விஷயத்தில் நீ காட்டிய வழி.

இன்றைக்கே அவனை உட்காரவைத்து, ஏன் நிறுத்தவில்லை என்று காரணத்தோடு பதில் எழுதச் சொல். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை காட்டட்டும். நீ திருத்தாதே.

உன்,
ராஜு