அம்மாவின் நாக்கைப் பார்த்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஐப்பசியில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள், 63 வயதான என் அம்மா உணவை விழுங்க முடியாமல் துன்பப்பட்டார். காரம் பட்டால் நாக்கு எரிகிறது என்றுதான் முதலில் சொன்னார். பிறகு இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்தே இறக்க வேண்டியதாயிற்று. தை பிறந்தபோது மோரில் கரைத்த குழைசாதம் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. தொண்டைப் புற்றாக இருக்குமோ என்ற அச்சத்தை வாய்விட்டுச் சொல்லாமலே வீட்டில் எல்லோரும் சுமந்துகொண்டிருந்தோம். ஓரிடத்தில் எண்டோஸ்கோப்பி செய்து, கட்டியோ அடைப்போ இல்லை என்று உறுதிசெய்தார்கள். அது பெரிய ஆறுதல்தான். ஆனால் எல்லாம் மனக்கவலை என்று சொல்லி அனுப்பியது அம்மாவை மிகவும் நோகச் செய்தது.

அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் அன்று பணியிலிருந்த மருத்துவர் அம்மாவுக்கே முதல் நன்றி. கையிலிருந்த அறிக்கைகளைப் புரட்டுமுன் அவர், "நாக்கை நீட்டுங்கம்மா" என்றார். செக்கச்செவேலென்று, சொரசொரப்பெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்த அந்த நாக்கை நாங்கள் யாருமே அதுவரை கவனித்திருக்கவில்லை. சர்க்கரைக்கு எந்த மாத்திரை, எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டார். மெட்ஃபார்மின், 11 ஆண்டுகள் என்றோம். பாதம் மரத்துப்போகிறதா என்று கேட்டபோது, அதுவரை எங்களிடம் சொல்லாதிருந்த அம்மா ஆமென்று தலையசைத்தார்.

பரிசோதனைக் கூடத்தில் இயந்திரம் தந்த எண்களோடு நிறுத்திக்கொள்ளாமல், இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்து, சிவப்பணுக்கள் இயல்புக்கு மீறிப் பெரிதாக இருப்பதை எழுதியனுப்பிய தம்பிக்கும் நன்றி. இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு 96 என்று வந்தது. அது 200-க்குக் கீழே போனாலே குறைபாடு என்றார்கள். நாக்கிலும் தொண்டையிலும் உள்ள மேல்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது என்பதால், அணுக்கள் பெருகத் தேவையான இந்தச் சத்து குறையும்போது அங்கே தேய்வும் எரிச்சலும் உண்டாகி விழுங்குவதே வேதனையாகிவிடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தாவர உணவில் பி12 இல்லை. சைவமான அம்மாவுக்குப் பாலும் தயிருமே வழி, அதிலிருந்து கிடைப்பதையும் உடல் முழுதாக ஏற்காதபடி மெட்ஃபார்மின் குறைத்துவிடக்கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, அளவைப் பார்த்து ஈடுசெய்தால் போதும் என்றும் அழுத்திச் சொன்னார்.

தெருமுனை மருந்துக்கடை அண்ணனுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் தனி. சோர்வுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கேட்டுப் போனபோது, மருத்துவரைப் பார்க்காமல் தரமாட்டேன் என்று மறுத்தவர் அவர். அன்று எனக்குக் கோபம் வந்தது. பி12 குறைவாக இருக்கையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை தேறியதுபோலத் தோன்றும், நரம்புச் சேதமோ உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகலாம் என்று பிற்பாடு அறிந்தபோது கடைக்குப் போய் அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

பி12 ஊசி போட வேண்டும் என்றதும் அது ஈரலிலிருந்து எடுத்த மருந்தாக இருக்குமோ என்று அம்மா தயங்கினார். அந்தத் தயக்கத்தை அற்பமென்று தள்ளாமல், 1920-களில் பாஸ்டன் மருத்துவர்கள் இத்தகைய இரத்தசோகைக்கு நோயாளிகளை நாள்தோறும் ஈரல் உண்ணச் செய்ததையும், இன்றைய மருந்து நுண்ணுயிரிகளை வளர்த்து எடுக்கப்படுவதையும் எடுத்துச் சொல்லி அம்மாவின் மனத்தைத் தேற்றிய செவிலியர் அக்காவை எப்படிப் போற்றுவது? முதல் வாரம் நாள்தோறும், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்றாக, 1000 மைக்ரோகிராம் ஊசியை ஒருமுறைகூடத் தவறாமல் போட்டுவருபவரும் அவரே. அந்த மாதங்களில் சாதத்தை மசித்துத் தூக்குவாளியில் கொண்டுவந்து தந்த எதிர்வீட்டு அத்தைக்கும் எங்கள் வணக்கம்.

மூன்றாவது வாரத்தில் எரிச்சல் அடங்கியது. சித்திரையில் அம்மா மிளகு ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாதத்தின் மரப்பு இன்னும் முழுதாக விலகவில்லை. நரம்பு தேற நாளாகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஊசிக்கான தேதியை அம்மாவே நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

மிக்க நன்றியுடன்,
அம்மாவின் சார்பில் மகள்