போர் முடிந்தாலும் வரி முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரி, போர், வானிலை மூன்றையும் பற்றிப் பேசும்போது நம்மில் பலருக்கு ஒரே மாதிரியான சலிப்பு வந்துவிடுகிறது. "நம் கையில் என்ன இருக்கிறது, வருவதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். மழைக்கும் வெயிலுக்கும் அது சரி. வரியையும் போரையும் அதே வரிசையில் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டுமே யாரோ சிலர் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் முடிவுகள்.

வருமான வரி எப்படி வந்தது என்று பார்த்தாலே இது புரியும். பிரான்சுடன் நடந்த போருக்குப் பணம் திரட்டத்தான் பிரிட்டனில் 1799-ல் அது தொடங்கியது. 1802-ல் சமாதானம் ஏற்பட்டதும் நீக்கினார்கள். மறு ஆண்டே மீண்டும் போர், மீண்டும் வரி. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றபின் 1816-ல் இன்னொரு முறை நீக்கினார்கள். 1842-ல் போர்ச்செலவைக் காரணம் காட்டாமல், மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்புறம் அது போகவே இல்லை. அமெரிக்காவிலும் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல்தான் முதல் வருமான வரிச் சட்டம். இந்தியாவில் 1857 எழுச்சியை அடக்கிய செலவு கஜானாவைக் காலிசெய்ய, 1860-ல் ஆங்கிலேய அரசு அதே வழியில் போனது.

போருக்கான கணக்கு எவ்வளவு காலம் நீள்கிறது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. முதல் உலகப் போருக்காக வெளியிட்ட கடன் பத்திரங்களில் மிச்சமிருந்ததை பிரிட்டன் 2015-ல்தான் தீர்த்தது. அந்தப் போரின் இழப்பீட்டோடு தொடர்புடைய கடைசித் தவணையை ஜெர்மனி 2010-ல் கட்டியது. 1865-ல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான ஓய்வூதியம், ஒரு படைவீரரின் மகளுக்கு 2020 வரை போய்க்கொண்டிருந்தது. அந்த மகளுக்குக் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் போரை முடிவுசெய்தவர்கள் மறைந்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் அதற்கான பணத்தை யார் யாரோ கட்டியிருக்கிறார்கள். 2024-ல் மட்டும் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம். இதில் கடனாக வாங்கிய பங்கை இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் சேர்ந்துதான் அடைக்க வேண்டும்.

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் தினமும் பார்க்கும் வானிலை அறிவிப்புக்குப் பின்னாலும் பெரும்பாலும் வரிப்பணம்தான் இருக்கிறது. அதுவும் ஒரு போரிலிருந்து வேகம் பெற்றது. 1854 நவம்பர் 14 அன்று கருங்கடலில் வீசிய புயல், கிரிமியப் போரில் இருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதைத்தது. அந்தப் புயல் நகர்ந்த பாதையை ஆராய்ந்த பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, தந்தி மூலம் முன்கூட்டியே எச்சரித்திருக்க முடியும் என்று காட்டினார். பிரான்சில் வானிலைத் தந்தி வலை அமைந்தது அதன் பிறகுதான்.

முதல் உலகப் போரில் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு கிடைத்த நேரங்களில், வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா என்று கையாலேயே எண்களோடு மல்லாடினார். விடை பெரிய அளவில் தவறியது. ஆனால் இன்று கணினிகள் பின்பற்றும் அடிப்படை வழி அவருடையதுதான். வானிலை அலுவலகம் விமானப் படை அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையை விட்டார். பிற்காலத்தில் போர்கள் ஏன் மூள்கின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்தார். இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி உங்கள் இதழில் ஒரு முழுக் கட்டுரையே வரலாம்.

இரண்டாம் உலகப் போரில் வானிலைத் தகவல் ராணுவ ரகசியமாகவே இருந்தது. 1943-ல் கனடாவின் லாப்ரடார் கரையில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தானியங்கி வானிலை நிலையத்தை யாருக்கும் தெரியாமல் நிறுவிவிட்டுப் போனது. இன்றோ உலக வானிலை அமைப்பின் வழியாக, எல்லைப் பிரச்சினை உள்ள நாடுகள்கூடக் காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. இதற்குப் போகும் வரியை நான் மனநிறைவோடு கட்டுவேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். போர்ச் செய்திகளில் பிடிபட்ட ஊர்களையும் ஏவப்பட்ட ஏவுகணைகளையும் விரிவாகத் தருகிறீர்கள். அதற்கான பணம் வரியிலிருந்து வருகிறதா, கடனிலிருந்து வருகிறதா, கடன் என்றால் எத்தனை ஆண்டுக்கு என்பதையும் சேர்த்துத் தாருங்கள். பட்ஜெட் நாளில் எது விலை ஏறும், எது இறங்கும் என்று போடும் பெட்டிச் செய்திக்குப் பக்கத்திலேயே, ராணுவத்துக்கும் பழைய கடன் வட்டிக்கும் எவ்வளவு போகிறது என்பதையும் அச்சிடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்