பழைய காரை விற்றால் பெயரையும் மாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு என்று பழைய கார்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் விற்கிறவர்கள் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, ஆர்சி புத்தகத்தோடு பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை நிரப்பாமலே அவற்றில் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு, 'அவரே மாற்றிக்கொள்வார்' என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் அந்தக் கார் யார் மீதாவது மோதினால், நஷ்டஈடு ஆர்சியில் பெயர் உள்ளவர் தலையில்தான் விடியும். 2018-ல் உச்ச நீதிமன்றமே இப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்பவர் கடமை. அப்புறம், 'அட்வான்ஸ் அனுப்புகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, உங்கள் யுபிஐ பின் (PIN) நம்பரைப் போடுங்கள்' என்பவனிடம் பேச்சையே நிறுத்துங்கள். பணம் வாங்க பின் நம்பர் எதற்கு? ஓட்டிப் பார்க்கக் கேட்டால் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள், சாவியை மட்டும் நீட்டிவிடாதீர்கள்.

- வாசகர், மதுரை