வேன் வந்துவிட்டது: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மேலூர், உசிலம்பட்டி சுற்றுவட்டாரக் கிராமங்களில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் அறக்கட்டளையின் வேலை. அதற்கென்று சொந்தமாக ஒரு வேன் வந்துவிட்டது. இரண்டு செவிலியர்களின் சம்பளத்துக்கு மூன்று வருட ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. கொடுத்தது கப்பலூரில் உள்ள ஒரு கம்பெனி. "வேன் கதவிலேயே எங்க பேர் இருக்கே, இங்க வேற எதுக்கு?" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சரி, அவர்களுக்கு எங்கள் முதல் கும்பிடு. அந்தக் காசோலை வரை எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வெளியே தெரியவே மாட்டார்கள். இந்த மடலில் அவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

ஆடிட்டர் சாரிடமிருந்து தொடங்குகிறேன். அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு தரும் 12ஏ பதிவு, நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பதிவு இரண்டும் எங்களிடம் முன்பே இருந்தன. ஆனால் கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடுவதுதான் சிஎஸ்ஆர்; 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து எண் வாங்காத அமைப்புக்கு அவர்கள் அந்த வேலையை ஒப்படைக்க முடியாது. அந்தப் பதிவை சார் முடித்துக் கொடுத்துவிட்டு ஃபீஸ் என்று ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. பேச்சுவார்த்தைக்கும் கூடவே வந்தார். கம்பெனியின் கணக்குப் பிரிவில், "வேன் தரலாம், சம்பளம் தர முடியாது. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதே" என்றார்கள். இது பல இடங்களில் கேட்கிற பேச்சுதான். சார் விதியை எடுத்து வாசித்துக் காட்டினார். கம்பெனி தன் சிஎஸ்ஆர் பணிகளை நிர்வகிக்க ஆகும் பொதுச் செலவுக்குத்தான் அந்த வரம்பு. புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலியரின் சம்பளம் திட்டச் செலவில் வரும். அப்புறம், "வேனை மட்டும் கொடுத்தா டிரைவரா போய் டிரஸ்ஸிங் பண்ணுவாரு?" என்று கேட்டார். எதிரே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கே பாதி வேலை முடிந்தது.

அடுத்தவர் சிம்மக்கல் அச்சக அண்ணாச்சி. காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் தெருவை அடைத்து ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரில் தொழில் செய்பவர். நோயாளியின் முகத்தை எதிலும் போடுவதில்லை என்பது எங்கள் பழைய முடிவு. படம் இல்லாமல் எப்படி நன்கொடை வரும் என்று பலரும் கேட்டார்கள். அண்ணாச்சி மட்டும் எங்கள் பக்கம் நின்றார். "பாவம்னு பார்ப்பாங்க, உச்சுக் கொட்டிட்டுப் போயிருவாங்க. நீங்க என்ன செய்றீங்கன்னு காட்டுங்க" என்றார். செவிலியரின் பையில் இருந்ததையெல்லாம் ஒரு கோரைப்பாயில் பரப்பிவைத்துப் படம் எடுத்தோம். பஞ்சு, காஸ் துணி, கையுறை, சலைன் பாட்டில், பிபி மெஷின், சிறுநீர்க் குழாய். ஓரத்தில் ஒரு நகவெட்டி. அதைப் பற்றிக் கேட்காத மேனேஜர் இல்லை. படுக்கையில் கிடப்பவர் அரிப்பில் சொறிந்தால் நகம் பட்டே புண்ணாகும், வீட்டில் யாருக்கும் நகம் வெட்டிவிடத் தோன்றாது என்று எங்கள் செவிலியர் விளக்குவார். அதற்குமேல் நாங்கள் பேச வேண்டியதே இருக்காது.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எங்கள் நீண்ட விண்ணப்பத்தை ஒரே பக்கமாகச் சுருக்கினார். டீசல், மருந்து, ஆள் கூலி எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு ஒருமுறை போய்வர எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டு மேல்வரியில் வைத்தார். 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எண்ணிக்கையாலும் செலவுக் கணக்காலும் எப்படி வளர்ந்தது என்று பார்த்த ஊர்க்காரர்கள் நம்மவர்கள், உருக்கமான வாசகத்துக்கு மயங்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். உண்மைதான்.

"வீடு தேடிப் போய்ப் பார்க்க அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து நடக்கிறதே, நீங்கள் எதற்கு?" என்ற கேள்விக்குப் பதில் தந்தவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். யார் வீட்டுக்குத் தண்ணீர்ப் படுக்கை வேண்டும், யாருக்கு ராத்திரியில் வலி தாங்கவில்லை என்று அவர்கள் சொல்லித்தான் நாங்கள் போகிறோம். அதைக் கம்பெனியிலும் வந்து சொன்னார்கள்.

கம்பெனியின் ஹெச்ஆர் மேடம் தன் ஊழியர்களைச் சனிக்கிழமைகளில் எங்களோடு அனுப்பினார். செல்ஃபோனை வேனிலேயே வைத்துவிட்டு இறங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரே போட்டார். நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று கற்றுக்கொண்ட ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர், தன் அப்பாவுக்கும் அதைச் செய்யத் தொடங்கினார். பிறகு கம்பெனியின் சிஎஸ்ஆர் கமிட்டி முன் எங்களுக்காகப் பேசியவரும் அவர்தான். எங்களைவிட நன்றாகவே பேசினார்.

சிஎஸ்ஆர் மேனேஜருக்குத் தனி நன்றி. மார்ச் கடைசியில் ஒரு தொகையைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு முடித்திருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அவர் இதைத் தொடர் திட்டமாகப் பதிவு செய்தார். அப்படிச் செய்தால், அந்த வருடம் மிஞ்சும் தொகையை 30 நாளில் தனிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் இதே வேலைக்குச் செலவிடலாம். படுத்திருப்பவருக்கு மார்ச் 31 ஒரு கணக்கா?

புதூர் சிட்கோ பட்டறைக்காரர்களை மறந்தால் சாமி கண்ணைக் குத்தும். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்டால்தான் லாபத்தில் 2 சதவீதத்தை சிஎஸ்ஆருக்குச் செலவிடச் சொல்லும் சட்டம் பொருந்தும். இவர்கள் அதன் பக்கத்திலேயே வர மாட்டார்கள். ஆனாலும் எங்கள் சக்கர நாற்காலிகளுக்கு பேரிங் மாற்றுவது, கட்டில் கால்களுக்கு வெல்டிங் வைப்பது எல்லாம் அங்கேதான். கூலி கேட்டால் டீ வாங்கித் தந்து அனுப்புகிறார்கள்.

"கல்விக்கு மட்டும்தான் தருகிறோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லி, எங்கள் ஒரு பக்கத் தாளைக் கப்பலூருக்கு அனுப்பிவைத்த நிறுவனத்துக்கும் நன்றி. இழுத்தடிக்காமல் சொல்வதும் உதவிதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜிபேயில் பணம் அனுப்பிய பலரின் பான் எண் எங்களிடம் இல்லை. நன்கொடை தந்தவர்களின் விவரம் அடங்கிய 10பிடி படிவத்தை மே 31-க்குள் நாங்கள் தாக்கல் செய்தால்தான் உங்களுக்கு 80ஜி சான்றிதழ் கிடைக்கும். தயவுசெய்து இந்த வாரமே அலுவலக எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். வாக்கரும் தண்ணீர்ப் படுக்கையும் இரவல் வாங்கி, தேவை முடிந்தவர்கள் சொன்னால் போதும், வேன் வந்து எடுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
அறக்கட்டளைச் செயலாளர்,
மதுரை